கீழே விழுந்த மாதிரி தெரியுற 70-200: வாங்கலாமா, விட்டுடலாமா?

மேடைவெளிச்சம்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு லென்ஸ் விஷயமா யோசனை வேணும்.

கேனான் இஎஃப் 70-200 எஃப்/2.8 (70லேருந்து 200 மி.மீ. வரைக்கும் போற ஜூம்), கை ஆட்டத்தைத் தாங்குற ஸ்டெபிலைசர் உள்ள ரெண்டாவது பதிப்பு, 2010ல் வந்தது. செகண்ட் ஹேண்ட். மத்தவங்க இதுக்குக் கேக்குற விலையில பாதிதான் இவர் சொல்றார். ஆசையும் அதனாலதான், பயமும் அதனாலதான்.

விளம்பரத்துல "உள்ளே கொஞ்சம் தூசி, மத்தபடி கண்டிஷன் அருமை"ன்னு போட்டிருக்கார். அவர் அனுப்பின படங்களைப் பெருசாக்கிப் பார்த்ததுல எனக்குப் பட்டது இது. முன்பக்க ஃபில்டர் ரிங் ஒரு இடத்துல நசுங்கியிருக்கு. அதுல ஒரு யூவி ஃபில்டர் மாட்டிக்கிட்டு கழல மாட்டேங்குதாம். ஜன்னல் பக்கம் வச்சு எடுத்த படத்துல கண்ணாடியில பால் படிஞ்ச மாதிரி ஒரு மங்கல் தெரியுது. ஃபில்டர்லயா லென்ஸுக்குள்ளயான்னு சொல்லத் தெரியல. அப்புறம், பின்னாடி கேமராவோட சேர்த்து மாட்டுற மவுண்ட்ல ஒரு ஸ்க்ரூ தலை சிதைஞ்சிருக்கு.

கீழே விழுந்ததான்னு கேட்டேன். "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ன்னார்.

நான் எடுக்கிறது மேடை நிகழ்ச்சி, உள்ளரங்க விளையாட்டு. வெளிச்சமே இருக்காது, முக்கால்வாசி எஃப்/2.8லயேதான், அதாவது லென்ஸை முழுசாத் திறந்து வச்சுத்தான் ஓடும். என் கேமரா பாடி ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ், ஆர்எஃப் மவுண்ட், இந்த இஎஃப் லென்ஸ் நேரா மாட்டாது. அடாப்டர் போட்டுத்தான் மாட்டணும். நேர்ல வந்து சோதிச்சுப் பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டார். போகலாமா?

சும்மா_வந்தேன்

"நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு." பழைய சாமான் விக்கிறவங்க எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சிருப்பாங்க போல.

ஓரக்கண்

போகவே வேண்டாம். ரிங் நசுங்கினா விழுந்திருக்குன்னு அர்த்தம். ஸ்க்ரூ சிதைஞ்சிருந்தா யாரோ திறந்திருக்காங்க. மங்கல் இருந்தா ஒழுங்கா மூடலை. இந்த லென்ஸுக்குள்ள 19 குரூப்ல 23 எலிமென்ட், அதாவது 23 கண்ணாடி இருக்கு. ஒண்ணு ஒரு துளி சாய்ஞ்சாலும் படம் போச்சு. பாதி விலைக்குக் கிடைக்கிற பொருள் பாதி வேலைதான் செய்யும்.

குருவிபிடிப்பவன்

ஓரக்கண், கொஞ்சம் பொறுங்க. என் பழைய லென்ஸோட முன் கண்ணாடியில நகத்தால கீறின மாதிரி நீளமா ஒரு கோடு இருக்கு. இன்னிக்கு வரைக்கும் ஒரு படத்துலகூட அது தெரிஞ்சதில்லை. முன் கண்ணாடி ஃபோகஸ் ஆகிற இடத்துலேருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறதால கீறல் கரைஞ்சு போயிடும். வெயிலுக்கு நேரா திருப்பினா மட்டும் வெளிச்சம் சிதறி கொஞ்சம் ஃபிளேர் அடிக்கும், கான்ட்ராஸ்ட் குறையும், அவ்வளவுதான். அதைச் சொல்லியே நான் நல்லா விலையைக் குறைச்சு வாங்கினேன்.

பார்க்கிறதுக்குக் காசு கிடையாது. போயிட்டு வாங்க.

ஓரக்கண்

கீறலைப் பத்தி யார் பேசினா? மேடைவெளிச்சம் சொன்னதுல கீறலே இல்லையே. அது கண்ணுக்குத் தெரியுது, தெரிஞ்சுதான் வாங்கறோம். விழுந்த லென்ஸ்ல என்ன ஆயிருக்குன்னு வெளியேருந்து பார்த்தா தெரியாது. என் பயம் அதுதான்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா ரெண்டு பேரும் வேற வேற வியாதியைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்க. நான் ரொம்ப வருஷம் லென்ஸ் பிரிச்சு மாட்டினவன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல அந்த மங்கல். லென்ஸ்ல "தூசி"ன்னு சொல்லி விக்கிறது நாலு விதமா இருக்கலாம். நிஜமாவே தூசின்னா கவலையே வேண்டாம், டார்ச் அடிச்சுப் பார்த்தா புது லென்ஸ்லகூடத் தெரியும். பூஞ்சைன்னா ஓரத்துலேருந்து நூல் நூலா, வேர் மாதிரி கிளை விட்டுப் போகும். ஆரம்பத்துல துடைச்சு எடுத்துடலாம். முத்திப்போச்சுன்னா அது விடுற அமிலம் கோட்டிங்கை அரிச்சிடும், துடைச்சாலும் தடம் போகாது. ஹேஸ்னா கண்ணாடி முழுக்க ஒரே சீரா புகை படிஞ்ச மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற கிரீஸ் ஆவியாகிப் படியறதால வரலாம், ஈரத்தாலயும் வரலாம். நாலாவது, ஒட்டின ரெண்டு கண்ணாடி பிரியறது. ஓரத்துல வானவில் நிறத்துலயோ வெள்ளி மாதிரியோ பளபளன்னு ஒரு திட்டு தெரியும். பழைய காலத்துல கனடா பால்சம்னு ஒரு பிசின் வச்சு ஒட்டுவாங்க, அந்த லென்ஸ்கள்ல இது சகஜம். 2010ல் வந்த லென்ஸ்ல இதை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

இந்த லென்ஸ் ஜூம் பண்ணும்போது நீளாது, எல்லா அசைவும் உள்ளுக்குள்ளயே. வெளியே நீண்டு சுருங்குற ஜூம் மாதிரி காத்தை இழுத்துத் தள்ளாது. அதனால உள்ளே நிறைய தூசி இருந்தா அது எப்படிப் போச்சுன்னு கேக்கணும். தலை சிதைஞ்ச ஸ்க்ரூ அதுக்குப் பதிலா இருக்கலாம். ஜப்பான் லென்ஸ்ல இருக்கிற ஸ்க்ரூ பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனா குழியோட அளவு கொஞ்சம் வேற. வீட்டுல கிடக்கிற ஸ்டார் டிரைவரைப் போட்டுத் திருகினா முனை மேலே ஏறி வழுக்கும், தலை சிதையும். பழகின மெக்கானிக் அப்படி விட மாட்டார். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. மவுண்ட் மட்டும் மாத்தியிருந்தாலும் அதே ஸ்க்ரூவைத்தான் கழட்டணும்.

நசுங்கின ரிங் ஒரு பொருட்டே இல்லை, மாத்திடலாம். விழுந்த அடி ரிங்கோட நின்னுச்சா, உள்ளே குரூப் வரைக்கும் போச்சாங்கறதுதான் கேள்வி. லென்ஸ் முன்னாடி மாட்டுற ஹூட் இருந்திருந்தா அடியை அது வாங்கியிருக்கும். ஹூட் இருக்கா, விரிசல் விட்டிருக்கான்னு பாருங்க.

தம்பி, நேர்ல போங்க. ஆனா காசை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. கையில காசு இருந்தா கண்ணு சரியாத் தெரியாது.

கணக்குப்பிள்ளை

கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. சர்வீஸ்ல போன் பண்ணி, "முன் குரூப் அலைன்மென்ட், அதாவது கண்ணாடியை நேராக்கி உக்கார வைக்கணும்னா எவ்வளவு ஆகும், பார்ட்ஸ் கிடைக்குதா"ன்னு கேட்டு வச்சுக்கோங்க. இதுக்கு அடுத்த பதிப்பு 2018லயே வந்துடுச்சு. கண்ணாடி அமைப்பு அதே, கோட்டிங்தான் மாறுச்சு. நின்னுபோன பொருளுக்கு பார்ட்ஸ் எத்தனை நாள் வரும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறது நல்லது. அலைன்மென்ட் எல்லாக் கடையிலயும் நடக்கிற வேலையும் இல்லை, அதுக்குக் கருவி வேணும்.

அவர் கேக்குற விலையோட ரிப்பேர் செலவைக் கூட்டுங்க. நல்ல நிலைமையில இருக்கிற லென்ஸோட விலையில முக்காலைத் தாண்டுச்சுன்னா லாபமே இல்லை, அலைச்சல்தான் மிச்சம்.

எட்டுபிளேடு

பூஞ்சை இருந்தா கையாலகூடத் தொடாதீங்க. பையில வச்சா மத்த லென்ஸுக்கும் ஒட்டிக்கும்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்

அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம் எட்டுபிளேடு. பூஞ்சை வித்து காத்துல எங்கேயும் இருக்கு, உங்க லென்ஸ் மேலயும் இப்பவே இருக்கும். முளைக்கிறதுக்கு ஈரம் வேணும். காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல ரொம்ப நாள் நின்னா முளைக்கும். 40லேருந்து 50க்குள்ள வச்சிருந்தா பக்கத்துலயே பூஞ்சை லென்ஸ் இருந்தாலும் பரவாது. அதுக்காக மூடின பையில ரெண்டையும் ஒண்ணா வைங்கன்னும் சொல்ல மாட்டேன். ஒண்ணு அந்தப் பையில பூத்திருக்குன்னா பையில ஈரம் இருக்குன்னுதானே அர்த்தம்.

எட்டுபிளேடு

நான் தனியாத்தான் வைப்பேன். உங்க அறிவியல் உங்களோட.

மேடைவெளிச்சம்

நன்றி அண்ணா. விக்கிறவர் இந்த லென்ஸ்ல எடுத்ததா ரெண்டு படம் அனுப்பியிருக்கார். ஒண்ணு எஃப்/8ல பூ, ரொம்ப ஷார்ப்பா இருக்கு. இன்னொண்ணு எஃப்/16ல வானம், அதுல மேல்பக்கம் அஞ்சாறு கருப்புப் புள்ளி. அப்போ லென்ஸ் உள்ளே இருக்கிற தூசி படத்துலயே விழுதுன்னுதானே அர்த்தம்?

குருவிபிடிப்பவன்

இல்லை, அது அவரோட சென்சார்ல இருக்கிற தூசி. லென்ஸ் தூசி அப்படி வட்டமா, தனியா விழாது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற துவாரத்தை, மூட மூட (எஃப் நம்பர் ஏற ஏற) புள்ளி தெளிவாகும், வேற லென்ஸ் போட்டாலும் அதே இடத்துல நிக்கும். அந்தப் படம் அவர் கேமராவைப் பத்தித்தான் சொல்லுது.

ஓரக்கண்

எஃப்/8ல எடுத்த பூவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அப்பர்ச்சரை மூடினா லென்ஸோட பாதிக் குறை மறைஞ்சு போயிடும். அதுலயும் பூ நடுவுல இருக்கு. உங்களுக்கு வேண்டியது எஃப்/2.8, நாலு மூலை. அதோட மெசேஜ் ஆப்ல வந்த படம் நசுங்கி, சுருங்கித்தான் வரும். அதைப் பெருசாக்கிப் பார்க்கிறது வீண் வேலை.

ஒரிஜினல் ஃபைல் கேளுங்க. சில பாடிகள் லென்ஸோட சீரியல் நம்பரையும் ஃபைலுக்குள்ள எழுதி வைக்கும். அது லென்ஸ் மேல இருக்கிற நம்பரோட ஒத்துப்போகலைன்னா அந்தப் படம் வேற லென்ஸ்ல எடுத்தது.

பழைய_ஸ்க்ரூடிரைவர்

போறதுன்னா எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க தம்பி.

சின்ன எல்இடி டார்ச் ஒண்ணு எடுத்துக்கோங்க. இஎஃப் லென்ஸைக் கழட்டினா அப்பர்ச்சர் தானாவே முழுசாத் திறந்துதான் இருக்கும், அது வசதி. பின்பக்கத்துலேருந்து வெளிச்சம் அடிச்சு, முன்பக்கம் நேராப் பார்க்காம சாய்ச்சுப் பாருங்க. மங்கல் எந்த ஆழத்துல இருக்குன்னு தெரியணும்னா லென்ஸை மெதுவா ஆட்டுங்க. முன் விளிம்போட ஒட்டி நகர்ந்தா அது முன்னாடியே இருக்கு. விளிம்பை விட்டு விலகி, பின்னாடி தங்கற மாதிரி நகர்ந்தா உள்ளே ஆழத்துல இருக்கு. பின் கண்ணாடியை மட்டும் தனியா, நிதானமாப் பாருங்க. முன்னாடி இருக்கிற கீறலை மன்னிக்கலாம், பின்னாடி இருக்கிறதை அவ்வளவு சுலபமா மன்னிக்க முடியாது.

அடுத்தது அப்பர்ச்சர். மேனுவல் மோட், எஃப்/8, ஒரே வெளிச்சம், வரிசையாப் படபடன்னு எடுங்க. ஒரு படம் வெளுத்து ஒரு படம் கருத்தா அப்பர்ச்சரைத் திறந்து மூடுற பிளேடு ஒட்டுதுன்னு அர்த்தம். முழுசாத் திறந்தா வேலை செஞ்சு, மூடினா கேமரா எரர் காட்டுச்சுன்னா உள்ளே ஃப்ளெக்ஸ் கேபிள் போயிருக்கலாம். எஃப்/2.8லயே வச்சு "பாருங்க, நல்லா ஓடுது"ன்னு காட்டி வித்துடுவாங்க.

ஸ்டெபிலைசர்: 200ல வச்சு ஷட்டரைப் பாதி அழுத்துங்க. லேசா ஒரு ஓசை வந்து காட்சி நிக்கணும். நிக்காம ஒரு பக்கமாத் தாவினா வேண்டாம். நாலு ஸ்டாப், அதாவது ஷட்டர் நேரத்தை நாலு தடவை இரட்டிப்பாக்கினாலும் தாங்கும்னு கம்பெனி சொல்லுது. 1/25 செகண்ட்ல கையிலேயே பிடிச்சு எடுத்தாலும் பெரும்பாலும் நல்லா வரணும். ஒண்ணு மறந்துடாதீங்க, உங்க பாடியில சென்சாரும் ஆடித் தாங்குற மாதிரி இருந்தா அதுவும் சேர்ந்து உதவும். அதனால படம் நல்லா வந்ததை மட்டும் வச்சு லென்ஸோட ஸ்டெபிலைசர் சரின்னு முடிவு பண்ணாதீங்க.

இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இனிமேதான்.

ட்ரைபாட் கொண்டு போங்க. தூரத்துல, முடிஞ்சா அரை கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், ஜன்னல் வரிசையா இருக்கிற ஒரு கட்டடத்தைப் பிடிங்க. பக்கத்துல இருக்கிற சுவரை எடுத்தா கேமரா துளி கோணலா நின்னாலும் ஒரு பக்கம் மங்கும், லென்ஸ் மேல பழி விழும். எஃப்/2.8, 70லயும் 135லயும் 200லயும் எடுங்க. இடது மூலையையும் வலது மூலையையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கினா அது லென்ஸோட சுபாவம். ஒண்ணு நல்லாருந்து ஒண்ணு மங்கினாத்தான் சந்தேகம்.

சந்தேகம் வந்தா, இந்த லென்ஸ்ல ட்ரைபாட்ல மாட்டுற வளையம், ட்ரைபாட் காலர், இருக்கு பாருங்க, அதைத் தளர்த்தி கேமராவையும் லென்ஸையும் சேர்த்துத் தலைகீழாத் திருப்பி மறுபடி எடுங்க. ஃபைல்ல மங்கல் அதே பக்கம் நின்னா கோளாறு உங்க கருவியில. பக்கம் மாறிட்டா நீங்க கேமராவை நிறுத்தினதுல.

எட்டுபிளேடு

கருவியிலன்னா லென்ஸ்தான்னு இல்லையே? அடாப்டரும் இருக்கு. இஎஃப்ல மவுண்ட்லேருந்து சென்சாருக்கு 44 மி.மீ., ஆர்எஃப்ல 20 மி.மீ. நடுவுல இருக்கிற 24 மி.மீ.யை அந்த அடாப்டர்தான் நிரப்புது. அது ஒரு பக்கம் துளி தடிமனா இருந்தாலே படம் சாயும். மலிவான அடாப்டர் போட்டுப் பார்த்துட்டு லென்ஸைத் திட்டினவங்க நிறைய பேர்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்

நல்லா ஞாபகப்படுத்தினீங்க. நல்லதுன்னு தெரிஞ்ச இன்னொரு இஎஃப் லென்ஸைக் கொண்டு போய், அதே அடாப்டர்ல மாட்டி அதே கட்டடத்தை எடுத்தா அந்தச் சந்தேகமும் தீரும்.

சும்மா_வந்தேன்

டார்ச், ட்ரைபாட், ரெண்டாவது லென்ஸ், அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டடம். பொண்ணு பார்க்கப் போறதுக்குக்கூட இவ்வளவு ஏற்பாடு பண்ண மாட்டாங்க.

கணக்குப்பிள்ளை

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கிற வசதி இருக்கான்னும் கேளுங்க. ரெண்டு நாள் டைம் கொடுக்கிறவர் கிட்டத்தான் பாதி விலைக்கு அர்த்தம்.

மேடைவெளிச்சம்

போயிட்டு வந்தேன். நல்ல மனுஷன், கடைசி வரைக்கும் பொறுமையா நின்னார்.

மங்கல் உள்ளே இல்லை! டார்ச் அடிச்சு ஆட்டிப் பார்த்தா ஃபில்டர் விளிம்போட ஒட்டியே நகர்ந்துச்சு. சிக்கின ஃபில்டருக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவுல ஏதோ படிஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி உள்ளே சுத்தம், ரெண்டு மூணு தூசி, அவ்வளவுதான். பூஞ்சை இல்லை. பின் கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. அப்பர்ச்சர் எல்லாப் படத்துலயும் ஒரே வெளிச்சம். ஸ்டெபிலைசர் அருமை, 1/25ல கையிலேயே நிக்குது.

நான் கிட்டத்தட்ட கையைக் குலுக்கிட்டேன்னு வைங்க. அப்புறம்தான் கட்டடத்தை எடுத்தேன்.

70ல ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு. 135ல இடது பக்கம் துளி சந்தேகம். 200ல இடது பக்கம் சுத்தமாப் போச்சு. வலது மூலையில ஜன்னல் கம்பியை எண்ணலாம், இடது மூலையில ஜன்னல் எங்கே முடியுது சுவர் எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியல. காலரைத் தளர்த்தித் தலைகீழாத் திருப்பினேன். ஃபைல்ல அதே இடது பக்கம். என்னோட 100 மி.மீ. மேக்ரோவை அதே அடாப்டர்ல போட்டேன், அது நாலு மூலையும் சுத்தம்.

எஃப்/5.6க்கு மூடினா பாதி சரியாகுது. எஃப்/8ல தேடித்தான் கண்டுபிடிக்கணும். அந்தப் பூ படம் ஏன் நல்லாருந்துச்சுன்னு இப்பப் புரியுது.

ஸ்க்ரூவைப் பத்தி மறுபடி கேட்டேன். தனக்கு முன்னாடி வச்சிருந்தவர் மவுண்டைக் கழட்டினார்னு கேள்விப்பட்டதா சொன்னார்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்

ஒண்ணு கேக்கறேன். 200ல இடது மூலையிலயே ஃபோகஸ் புள்ளியை வச்சு எடுத்தீங்களா? அங்கே ஃபோகஸ் பண்ணினா அது தெளிவாச்சா?

மேடைவெளிச்சம்

எடுத்தேன் அண்ணா. கொஞ்சம் பரவாயில்லை, ஆனா வலது மூலை அளவுக்கு வரவே இல்லை. அங்கே வச்சா நடு மங்குது.

பழைய_ஸ்க்ரூடிரைவர்

அங்கே ஃபோகஸ் பண்ணினதும் முழுசாத் தெளிஞ்சிருந்தா சாய்வு மட்டும்தான்னு சொல்லலாம். மவுண்டுக்கு அடியில சரியான கனத்துல தகடு வச்சே சரி பண்ணப் பார்க்கலாம், மவுண்டை யாரோ கழட்டினதுக்கும் பொருந்தும். ஆனா தெளியலை, அதோட 70ல நல்லாருந்து 200ல கெடுது. மவுண்ட் சாய்வு மட்டும்னா 70லயும் கொஞ்சமாவது காட்டியிருக்கும். உள்ளே ஏதோ ஒரு குரூப் நகர்ந்திருக்குன்னுதான் எனக்குப் படுது. சோதனை பெஞ்சுல ஏத்திப் பார்க்காம எது நகர்ந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

உங்க வேலைக்கு வேண்டாம் தம்பி. மேடையில பத்து பேர் வரிசையா நிப்பாங்க, இடது பக்கம் இருக்கிறவங்க எல்லா நிகழ்ச்சியிலயும் மங்கலா வருவாங்க. எஃப்/8க்கு மூடிட்டு எடுக்கணும்னா 2.8 லென்ஸை எதுக்குச் சுமக்கிறது? ஒன்றரை கிலோ இருக்கு அது.

ஓரக்கண்

நான் முதல்லயே சொன்னேன்.

குருவிபிடிப்பவன்

முதல்லயே நீங்க சொன்னது மங்கல், ஒழுங்கா மூடலைன்னு. அது ஃபில்டர் அழுக்குன்னு ஆச்சு. போய்ப் பார்க்காம இருந்திருந்தா இது எதுவுமே தெரிஞ்சிருக்காது.

ஓரக்கண்

சரி சரி, விழுந்ததுன்னு சொன்னது சரிதானே.

மேடைவெளிச்சம்

சர்வீஸ்லயும் கேட்டேன் கணக்குப்பிள்ளை. பிரிச்சுப் பார்க்காம தொகை சொல்ல மாட்டேங்கறாங்க, சரியாகும்னு உறுதியும் கொடுக்க மாட்டேங்கறாங்க. நான் எடுத்த படங்களை விக்கிறவர்கிட்ட காட்டினேன். அவருக்கே இது தெரியாதுபோல, கொஞ்ச நேரம் பேசாம பார்த்துக்கிட்டிருந்தார். விலையைக் குறைக்கிறேன்னார். நான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். நல்ல நிலைமையில இருக்கிறதுக்குக் காசு சேர்க்கப் போறேன்.

கணக்குப்பிள்ளை

சரியான முடிவு. தொகை தெரியாத ரிப்பேரைக் கணக்குல எழுதவே முடியாது.

குருவிபிடிப்பவன்

நீங்க விட்டாச்சுன்னா ஒண்ணு கேக்கலாமா? அவர் நம்பரைத் தனி மெசேஜ்ல அனுப்ப முடியுமா, அவர் சம்மதிச்சா? என் பாடி கிராப் சென்சார், ஃபுல் ஃபிரேமை விடச் சின்னது. ஓரம் எல்லாம் வெட்டுப்பட்டுடும். குருவி நடுவுலதான் உக்காரும், பின்னாடி இலை மங்கினா எனக்கு நல்லதுதான்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்

கிராப்ல ஓரம் போகும், ஆனா கோளாறு முழுசாப் போயிடாது. நடுவுலேருந்து கொஞ்சம் இடது பக்கம் தள்ளினா எவ்வளவு மிஞ்சுதுன்னு உங்க பாடியிலயே போட்டுப் பாருங்க. உங்களது உள்ளே மிரர் இருக்கிற டிஎஸ்எல்ஆர்தானே? அப்போ ஆட்டோ ஃபோகஸ் முன்னாடி பின்னாடி விழுதான்னும் சேர்த்துப் பார்க்கணும். மிரர்லெஸ்ல சென்சாரே ஃபோகஸ் பார்க்கிறதால அவருக்கு அது தெரிஞ்சிருக்காது. அந்த ஃபில்டரையும் அவரையே வெட்டி எடுத்துத் தரச் சொல்லுங்க. முன் கண்ணாடியை முழுசாப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

குருவிபிடிப்பவன்

சரிண்ணே. டார்ச் இருக்கு, ட்ரைபாட் இருக்கு. கட்டடம்தான் இல்லை, மரத்துல பார்த்துக்கிறேன்.

பழைய_ஸ்க்ரூடிரைவர்

மரம் வேண்டாம், காத்துல இலை ஆடும். கட்டடமே பாருங்க.

மேடைவெளிச்சம்

அவர்கிட்ட கேட்டேன், சரின்னுட்டார். நம்பர் அனுப்பியிருக்கேன். 200ல எடுத்த ஒரிஜினல் ஃபைலும் கூடவே வச்சிருக்கேன், விலை பேசும்போது காட்டுங்க.